மிதிக்காதீர், இது வரலாறு

நகரும் படிக்கட்டு நகர மறுத்த அன்று, மேலதிகாரி சோதனைக்கு வர ஒரு வாரம்தான் இருந்தது. நிலத்தடி ரயில் நிலையத்தின் ஸ்டேஷன் மாஸ்டர் இடுப்பில் கைவைத்து அதன் முன்னால் நின்றார்.

"பல்சக்கரம் ஒண்ணு போயிடுச்சு சார். புதுசு கப்பல்ல வரணும்," என்றார் மெக்கானிக்.

"கப்பல் எப்ப வரும்?"

"அதைக் கடல்கிட்டதான் கேக்கணும்."

நிலையம் திறந்த நாளிலிருந்து மாஸ்டருக்குப் பூமிக்கடியில்தான் உத்தியோகம். விடியுமுன் இறங்குவார், இருட்டிய பின் ஏறுவார். எலும்பு வலி என்று போனால், டாக்டர் மருந்துச் சீட்டில் 'வெயில், காலையும் மாலையும்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அதனால் தரைமேல் இருக்கும் ஏதாவது ஒரு நிலையத்துக்கு மாற்றல் கேட்டு மனுப் போட்டிருந்தார். இந்த நேரம் பார்த்து ஒரு புகார் போனால் மனு குப்பைக்கூடைக்குப் போகும் என்பது அவர் பயம்.

"என்னங்க, இந்தத் தடவையாவது மேல வந்துடுவீங்களா?" என்று மனைவி தினமும் கேட்டாள். "பக்கத்து வீட்டம்மா நம்ம கல்யாணப் போட்டோவைப் பாத்துட்டு, மாப்பிள்ளை யாருன்னு கேக்கறாங்க. அவ்வளவு வெளுத்துப் போயிட்டீங்க."

முதலில் 'பழுது' என்று எழுதி ஒட்டினார். படித்தவர்கள் எல்லாம் புகார்ப் பெட்டி எங்கே என்று விசாரித்தார்கள். அவசர அவசரமாக அதைக் கிழித்துவிட்டு வேறு பலகை மாட்டினார்: 'இந்நிலையத்தின் முதல் நகரும் படிக்கட்டு. வரலாற்றுச் சின்னம். மிதிக்காதீர்.' சுற்றிலும் சிவப்புக் கயிறும் கட்டினார்.

டிக்கெட் கொடுக்கும் அம்மாள் கவுண்டரிலிருந்து எட்டிப் பார்த்தார். "சார், இந்த ஸ்டேஷனே நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம்தானே திறந்தாங்க?"

"அப்ப நீங்களும் வரலாறுதாம்மா. டிக்கெட்டைக் கிழிங்க, ஆளுங்க நிக்கிறாங்க."

பலகை வேலை செய்தது. நின்றுபோன படிக்கட்டைத் திட்டுகிற சனம், அதற்கே கயிறு கட்டினால் கும்பிடுகிறது. நேற்றுவரை அதில் ஏறிப் போன ஒருவர், கயிற்றைத் தாண்டிய தன் பிள்ளையை, "இதுல எல்லாம் கால் வைக்கலாமா?" என்று அதட்டினார்.

ஆனால் அத்தனை கூட்டமும் லிஃப்டில் ஏறியது. மறுநாளே லிஃப்ட் உயிரை விட்டது. மாஸ்டர் அசரவில்லை, 'திறப்பு விழா விருந்தினர்கள் ஏறிய லிஃப்ட்' என்று ஒரு பலகை. அதைப் பார்க்கவென்றே தனியாக ஒரு கூட்டம் வந்தது. வந்தவர்கள் சும்மா போவார்களா, கழிப்பறைக்குப் போனார்கள். அது அடைத்துக்கொண்டது. அதற்கும் பூட்டுப் போட்டுப் பலகை மாட்டினார்: 'சுரங்கம் தோண்டிய தொழிலாளர்கள் பயன்படுத்தியது. அமைதி காக்கவும்.'

ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் பூதக்கண்ணாடியுடன் வந்து கழிப்பறைக் கதவைத் தடவிப் பார்த்தார். "இது இந்த ஸ்டேஷனைவிடப் பழசு," என்றார்.

"வாசனையே சொல்லுதே சார்," என்றார் மாஸ்டர், மூக்கைப் பொத்திக்கொண்டு.

இப்போது எல்லோருக்கும் கல் படிக்கட்டே கதி. பெரியவர் ஒருவர் பாதிவழியில் உட்கார்ந்துவிட்டார். "வரலாறு நல்லாத்தான் இருக்கு தம்பி. முட்டிதான் தாங்கல. ஒரு பேப்பர் குடுங்க, நாலு வரி எழுதிப் பெட்டியில போடணும்."

மாஸ்டருக்குப் பாதி உயிர் போய்விட்டது. "இந்த வயசுல உங்களுக்கு எதுக்குய்யா எழுதற வேலை?" என்று அவருடைய துணிப்பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு, அவரையும் கைத்தாங்கலாக மேலே கொண்டுபோய் விட்டார். வாசலில் வெயில் முகத்தில் அடித்தது. கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றார். அழுகை வந்தது. அதற்குள் கீழே வேறு யாரோ பேப்பர் கேட்கும் சத்தம் கேட்கவே இறங்கி ஓடினார். அன்றிலிருந்து மூட்டை தூக்குவதும் அவர் உத்தியோகத்தில் சேர்ந்துகொண்டது.

மேலதிகாரி தன் உதவியாளரோடு வந்தார். ஒவ்வொரு பலகையாக நின்று படித்தார். கழிப்பறைக்கு முன்னால் தொப்பியைக் கழற்றினார்.

"எத்தனையோ ஸ்டேஷன் பாத்திருக்கேன். வரலாறு உள்ள ஸ்டேஷன் இது ஒண்ணுதான்," என்றார். "எங்க, அந்தப் புகார்ப் பெட்டியைத் திறங்க."

திறந்தார்கள். சிலந்தி ஒன்று வெளியே வந்தது.

"பிரமாதம்," என்று மாஸ்டரின் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு, மேலதிகாரி கல் படிக்கட்டில் மூச்சு வாங்க ஏறிப் போனார்.

மாஸ்டர் உதவியாளரின் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், என் மனு என்னாச்சு? தரைமேல ஏதாவது ஒரு ஸ்டேஷன், எவ்வளவு சின்னதா இருந்தாலும் சரி."

உதவியாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஏ.சி. போட்ட இடத்திலேருந்து ஒருத்தரைத் தூக்கி வெயில்ல போடறது எங்க ஆபீஸ்ல தண்டனை சார். அதுக்கு உங்க மேல ஒரே ஒரு புகாராவது வந்திருக்கணுமே."