கடைசி வண்டியைப் பற்றித் தம்பிக்கு

என்ன செய்தாலும் எனக்குத் தம்பி இல்லை என்று ஆகிவிடாத தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் வீட்டில் உள்ளவர்களும் சுகமா என்று கேட்பது முறை, கேட்டாயிற்று. நாங்கள் சுகம் என்று சொல்வதும் முறை, சொல்லியாயிற்று. என் மகனை அடக்கம் செய்த அன்று, "வெளியில கார் நிக்குது அக்கா" என்று பாதியில் நீ கிளம்பிப் போனதிலிருந்து உன்னோடு நான் பேசவில்லை. இப்போதும் பேசவில்லை, எழுதத்தான் செய்கிறேன். என்னை மூன்றாம் வகுப்போடு நிறுத்திவிட்டு உன்னை மட்டும் படிக்க வைத்தார்கள். அதனால் எழுத்து கோணலாகத்தான் இருக்கும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் படி.

உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். பட்டாளத்து வண்டிகளைச் சோதித்துக் கணக்குக் கொடுக்கிற, என் பேத்தி வேலை பார்க்கிற கம்பெனியில் நீ ஆலோசகர் என்று நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாய். பட்டாளத்தில் பெரிய பதவியில் இருந்துவிட்டு வந்தால் போகிற இடமெல்லாம் நாற்காலி கிடைத்துவிடுகிறது. திங்கட்கிழமை அவளைக் கூப்பிட்டு விசாரிக்கப் போகிறார்களாம். கணக்கில் கைவைத்துவிட்டாள் என்று பேச்சு. வேலை போய்விடும் என்று பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை. கைவைத்தது அவள் இல்லை தம்பி, நான். அதை நீ எழுந்து நின்று அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

நடந்தது இதுதான். அவர்கள் ஆபீசில் மேல்தளம் ஒழுகுகிறது என்று எல்லோரையும் வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லிவிட்டார்கள், இவளும் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டாள், அன்றிலிருந்து நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிடுகிறோம், மருமகள் வேலைக்குப் போய்விட்டால் எனக்கும் பொழுதுபோக வேண்டாமா, நானும் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். திரையில் ஒரு மேடு, ஒரு பாதை. பாதையில் நம்முடைய பீரங்கி வண்டிகள் நீலப் புள்ளிகளாக வரிசையாகப் போகும். மேட்டுக்குப் பின்னால் எதிரி சிவப்புப் புள்ளிகளாக ஒளிந்திருப்பான். நம்மிடம் இருக்கிற வண்டி ஒரு ரகம், புதிதாக வாங்கலாமா என்று யோசிக்கிற வண்டி இன்னொரு ரகம். எது தேவலை என்று பார்க்க, இதை வைத்தும் அதை வைத்தும் ஒரே சண்டையைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள். அடிபட்ட வண்டி கறுத்துப்போகும். ஒரு பொத்தானை அமுக்கினால் எல்லாம் மறுபடி நீலமாகி வரிசையில் வந்து நிற்கும். அதைப் பார்க்கத்தான் நான் உட்கார்ந்திருந்தேன், வேறு எதற்கும் இல்லை.

பார்த்துக்கொண்டே இருந்தவள் ஒருநாள் கேட்டேன்: "ஏண்டி, எப்பப் பார்த்தாலும் கடைசி வண்டிதான் முதல்ல கறுக்குது?"

"கடைசி வண்டியை அடிச்சிட்டா மத்ததெல்லாம் பின்வாங்க வழி இல்லாம மாட்டிக்கும். அதான் எதிரி அதுக்குத்தான் முதல்ல குறிவைப்பான். எல்லாப் புத்தகத்துலயும் இருக்கு பாட்டி."

எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறதாம் தம்பி. நீ படித்த புத்தகத்தில் மட்டும் அந்தப் பக்கத்தை யார் கிழித்தது? "உன் மகனைக் கடைசி வண்டியில போடச் சொல்லியிருக்கேன் அக்கா, அதுதான் பத்திரமான இடம்" என்று என் வாசலில் நின்றுகொண்டு சொன்னாய். வெள்ளைச் சட்டை போட்டிருந்தாய். பை நிறைய ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்தாய், அதில் பாதி அழுகல். நீ சொன்னதை நம்பி நான் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன். என் குடையை வாங்கிக்கொண்டு போய்க் கம்பியை உடைத்துத் திருப்பிக் கொடுத்ததும் நினைவில் இருக்கிறது. குடையை மன்னித்துவிடலாம். அந்தத் தூக்கத்தை எப்படி மன்னிப்பது?

சரி, பேத்தி கதைக்கு வருகிறேன். "ஒரே சண்டையை எதுக்குடி இத்தனை தடவை போடுறீங்க, புத்தி வரலையா?" என்றும் கேட்டேன்.

"ஒரு தடவை தப்பிச்சா அது அதிர்ஷ்டமா இருக்கலாம் பாட்டி. ஆயிரம் தடவை போட்டாத்தான் வண்டி எப்படின்னு தெரியும்."

"உங்கப்பன் ஒரு தடவைதானேடி போனான்" என்றேன். வாயில் வந்துவிட்டது. அவள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

மறுநாள் அவள் குளிக்கப் போனபோது, "எதையும் தொடாதே பாட்டி" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். தொடாதே என்று சொன்னால் எனக்கு எப்போது காது கேட்டிருக்கிறது? மவுஸைப் பிடித்துக் கடைசி வண்டியின்மேல் வைத்து இழுத்தேன். வந்தது. தூங்குகிற பிள்ளையைப் பாயோடு இழுப்பதுபோல மெதுவாக இழுத்தேன். ஆனாலும் கை சறுக்கி, வண்டி திரையைவிட்டே போய்விட்டது. மேசைக்குப் பின்னால் குனிந்து தேடினேன் என்றால் சிரிப்பாய், சிரித்துக்கொள். அடுத்த நாள் பழகிவிட்டது. சண்டை இல்லாத ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். அதற்கடுத்த நாள் நானே வெந்நீர் போட்டு வைத்து அவளைக் குளிக்கத் துரத்தினேன்.

"என்ன பாட்டி, திடீர்னு இவ்ளோ பாசம்?"

"பாசமெல்லாம் இல்லை, பக்கத்துல உட்கார முடியல, போய்க் குளி."

அப்புறம் அந்த வண்டி கறுக்கவே இல்லை தம்பி. எத்தனை தடவை போட்டாலும் மற்றதெல்லாம் எரியும், அது மட்டும் நீலமாகவே நிற்கும். என் கைக்கு அத்தனை ராசியா என்று நானே அசந்துபோனேன். கணக்கு மேலே போனதும் பெரிய அதிகாரி பிடித்துக்கொண்டாராம், எல்லாச் சண்டையிலும் கடைசி வண்டி மட்டும் எப்படித் தப்பிக்கிறது என்று. இந்தப் பெண் வாயைத் திறக்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அடக்கிக்கொண்டிருக்கிறாள் போல. ஆகையால் நீ போய், "என் அக்காவுக்கு வயதாகிவிட்டது, புத்தி பேதலித்துவிட்டது, அவள்தான் இழுத்துப்போட்டாள்" என்று சொல். என்னைப் பற்றி அப்படிச் சொல்ல உனக்கு வலிக்காது, எனக்குத் தெரியும்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசி. உனக்கு உண்டா இல்லையா என்பதைத் திங்கட்கிழமை முடிந்த பிறகு சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன்னை இடுப்பில் சுமந்த அக்கா

பின்குறிப்பு: உறையில் போடுகிற நேரத்தில் பேத்தி வந்து பிடுங்கிப் படித்துவிட்டாள். முதலில் சிரித்தாள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ இழுத்தது சண்டையே இல்ல பாட்டி. சண்டை முடிஞ்சு கணக்கு எடுத்தப்புறம் ஓடுற வெறும் படம். அதை எங்க இழுத்தாலும் கணக்கு மாறாது."

"அப்ப அந்த வண்டி எப்படித் தப்பிச்சுது?"

"நான்தான். நீ அப்பாவைப் பத்திச் சொன்ன அன்னைக்கே, கடைசி வண்டி மேல குண்டு படக்கூடாதுன்னு ப்ரோக்ராம்ல ஒரு வரி எழுதிட்டேன். ரெண்டு ரக வண்டிக்கும் எழுதினேன், ஒப்பிடறதுக்குப் பாதகமில்லைன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். பொய்தான். ஒரு தடவை அது திரும்பி வர்றதைப் பார்த்துட்டு அழிச்சிடலாம்னு இருந்தேன். மனசு வரல பாட்டி."

அதனால் மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடு. இன்னொரு தடவை எழுத என் விரலுக்குத் தெம்பு இல்லை. என் பெயரைச் சொல்லி எழுந்து நிற்காதே. உள்ளதை அவளே சொல்லப்போகிறாளாம். அந்த வண்டியில் ஏறப்போகிறவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள், கணக்கு சரியாகப் போக வேண்டும், வேலை போனால் போகட்டும் என்கிறாள். நீ அவள் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார், அது போதும். வாயைத் திறக்காதே. நீ வாயைத் திறந்து என் வீட்டுக்குச் செய்தது போதும்.

அந்த வரியை இப்போதே அழித்துவிட்டுச் சண்டையை மறுபடி ஓடவிடப்போகிறாளாம். தனியாகப் பார்க்க முடியாது, வா பாட்டி என்று கூப்பிடுகிறாள். போகிறேன்.