மாமாவின் படையலுக்கு வந்த தேன் பீர்

சாவு வீட்டில் சும்மா நிற்கக் கூடாது. நின்றால் யாராவது ஒரு வேலையைக் கையில் திணித்துவிடுவார்கள். பந்தல்காரரைப் பார், வாழையிலை வாங்கி வா, சென்னையிலிருந்து வருகிறவர்களை பஸ் ஸ்டாண்டில் போய் அழைத்து வா என்று ஏதாவது ஒன்று. விவரமான ஆண்கள் அதற்காகவே ஒரு முக்கியமான முகத்தை வைத்துக்கொண்டு அங்குமிங்கும் நடப்பார்கள். எனக்கு அந்த முகம் வராது. தூணில் சாய்ந்து நின்றேன். எனக்கு வந்த வேலை, பீரைக் குடித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷம் ஆகியிருக்கும். செத்துப்போனவர் எத்திராஜ் மாமா, என் அம்மாவின் தம்பி. திருத்தணியிலிருந்து பொதட்டூர்பேட்டை வழியாகப் போகும் தனியார் பஸ்ஸில் டிரைவர். வீடு மலையடிவாரத்தில். சனிக்கிழமை சாயங்காலம் பின்கட்டுப் படியில் உட்கார்ந்து ஒரு பீர் குடிப்பார். மீசையில் நுரை நிற்கும். அதைத் துடைக்க மாட்டார். கிருத்திகை வந்தால் மட்டும் தொடமாட்டார். மேலே இருக்கிறவருக்கு எங்கள் பின்கட்டு நன்றாகத் தெரியும் என்பார்.

பிறகு மஞ்சள் காமாலை வந்தது. கல்லீரல் கெட்டுவிட்டது, இனி ஒரு சொட்டு கூடாது என்று டாக்டர் சொன்னார். மாமா அன்றோடு விட்டார். விட்டும் செத்துப்போனார். எங்களால் தாங்க முடியாமல் போனது இதுதான். (குடித்துச் செத்திருந்தால் திட்டிக்கொண்டாவது அழுதிருக்கலாம்.)

எங்கள் பக்கத்தில் கருமாதிக்கு முதல் நாள் படையல் போடுவோம். போனவருக்குப் பிடித்ததையெல்லாம் படத்துக்கு முன்னால் வைக்க வேண்டும். கறிக்குழம்பு, வடை, வெற்றிலை, அவர் பிடிக்கும் சிகரெட் எல்லாம் வைத்தாயிற்று. மாமாவுக்குப் பீர் இல்லாமல் படையலா? அதைத் தன் பொறுப்பில் கொண்டுவருவதாக மாப்பிள்ளை முரளி ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

முரளி, மாமாவின் ஒரே மகள் கோமளாவின் கணவர். பெங்களூரில் ஒரு பட்டறையில் ஃபிட்டர். கோமளா எனக்கு முறைப்பெண். அவளைக் கட்டிக்கொள்கிறாயா என்று ஒரு காலத்தில் மாமா என்னிடம் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நான் யோசித்து முடிப்பதற்குள் அவளுக்குக் கல்யாணமாகி, வளைகாப்பும் முடிந்துவிட்டது. எனக்கு அதில் வருத்தமே கிடையாது என்று இன்றுவரை சொல்லிவருகிறேன். நம்பியவர் யாரும் இல்லை.

அன்று மத்தியானம் முரளி ஒரு பெரிய பையோடு வந்து இறங்கினார். லுங்கிகளில் சுற்றி, குழந்தைகளை எடுத்து வைப்பதுபோல பாட்டில்களை ஒவ்வொன்றாகத் தரையில் வைத்தார். பழுப்பு நிற பீர். லேபிளில் தேன்கூடும், அதன்மேல் குண்டான ஒரு தேனீயும். தேன் வாசனை சேர்த்த பீர், பெங்களூரில் மலிவாகக் கிடைக்கிறது என்று அவர் சொன்னதும், காரியங்களை முன்னின்று நடத்திய பெரிய மாமா ஒரு பாட்டிலை எடுத்துத் தூரமாகப் பிடித்துப் படித்தார்.

"இன்னா மாப்ள இது, இருமல் டானிக் மாதிரி கீது?"

பீரில் தேன் கலக்கலாமா, கலந்தால் அது பீர்தானா, அதைப் படையலில் வைத்தால் எத்திராஜ் ஏற்றுக்கொள்வானா என்று ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். அப்போதுதான் பெரிய மாமாவின் பார்வை தூணுக்கு வந்தது.

"நம்ம பாபு கீறானே. பெங்களூரு ஓட்டல்ல இதுலயே பொழங்கினவன். அவன் குடிச்சிப் பாத்துச் சொல்லட்டும்."

இங்கே ஒரு விளக்கம் தேவை. நான் பெங்களூரில் ஒரு பெரிய ஓட்டலில் ஒரு வருஷம் வேலை பார்த்தது உண்மை. பார் பக்கம்தான் இருந்தேன் என்று ஊரில் சொன்னதும் உண்மை. என் வேலை துணிக்கிடங்கில். பாரிலிருந்து வரும் மேஜை விரிப்புகளைப் பிரித்து வெளுக்கப் போடுவது. பீரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது துணியில் விடும் கறை ஒன்றுதான். வாயில் ஒரு சொட்டு வைத்ததில்லை. ஆனால் வெள்ளைக்காரர்கள் கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பதையும், ஒரு வாய் குடித்துவிட்டு ஏதேதோ சொல்வதையும் கதவிடுக்கு வழியாகப் பார்த்திருந்தேன். ஊருக்கு வரும்போதெல்லாம் அதை மாமாவிடம் நடித்துக் காட்டியும் இருந்தேன்.

அத்தை உள்ளே போய் ஒரு கண்ணாடி கிளாஸைக் கொண்டுவந்தார். மாமாவின் கிளாஸ். அவர் போன பிறகு அதை யாரும் தொட்டிருக்கவில்லை. அப்போதாவது நான், எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். கூடம் முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கிளாஸை வாங்கிக்கொண்டேன்.

சித்தூர் வழியாக வெயிலில் பஸ்ஸில் குலுங்கி வந்த பாட்டில் அது. மூடியைத் திறந்ததும் பாதி பீர் நுரையாகப் பொங்கி என் வெள்ளை வேட்டியில் இறங்கியது. மீதியைக் கிளாஸில் ஊற்றி ஜன்னலுக்கு நேராகப் பிடித்தேன். நிறம், பாலில்லாத காப்பித் தண்ணி. முகர்ந்தேன். திருவாலங்காட்டுப் பக்கம் சர்க்கரை ஆலை ஓடுகிற நாட்களில் பஸ் ஜன்னலைச் சாத்துவோமே, அந்த வாசனை. ஒரு வாய் குடித்தேன். டீத்தண்ணி போல வெதுவெதுவென்று இருந்தது. முதலில் தித்திப்பு. சரி, தேன்தான் போலிருக்கிறது என்று நினைத்த நேரத்தில், தொண்டையில் மாத்திரை கரைந்ததுபோல ஒரு கசப்பு எழுந்து அங்கேயே நின்றுவிட்டது. கண்ணில் தண்ணீர் வந்தது. அதை மாமாவுக்காக என்று எடுத்துக்கொண்டார்கள்.

"எப்டி கீது?" என்றார் பெரிய மாமா.

ஓட்டலில் கேட்ட இங்கிலீஷ் வார்த்தைகளைத் தேடிப் பிடித்து, எல்லோருக்கும் புரியட்டும் என்று பாதியைத் தமிழாக்கி, ஒரு நீதிபதியின் நிதானத்தோடு சொன்னேன்.

"ஆரம்பம் நல்லா கீது. பாடி இல்ல. முடிவு சரியில்ல."

பீர் நாக்கில் கனமாக நிற்கவில்லை என்பதைத்தான் அந்த ஓட்டலில் அப்படிச் சொல்வார்கள். கருமாதி வீட்டில் பாடி என்றால் ஒன்றுதான். மூலையில் உட்கார்ந்திருந்த, காது மந்தமான ஒரு பெரியம்மா பக்கத்திலிருந்தவளிடம், "பாடிய எடுத்துனு போயி எத்தினி நாளாச்சி, இப்ப வந்து தேடறானே" என்று சொல்லி மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டாள். அடங்கியிருந்த பெண்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். நான் பீரைச் சொன்னேன், பீரைச் சொன்னேன் என்று கிளாஸை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

அத்தை மட்டும் அழவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இரைச்சல் கொஞ்சம் தணிந்ததும் மெதுவாகப் பேசினார்.

"முடிவு சரியில்லதான் பாபு. எனக்குத் தெரியும். கடைசியா ஒரே ஒரு வாய் கேட்டாரு. ஜில்லுனு ஒரு வாய் குடுறீன்னாரு. டாக்டர் திட்டுவாருன்னு எளநீ குடுத்தேன். குடிச்சிட்டு, இதுல நொரை இல்லியேன்னாரு. அதுக்கப்புறம் எதையுமே கேக்கல."

ஆட்டிக்கொண்டிருந்த கிளாஸை இறக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கோமளா சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தாள். அம்மாவை ஒரு பாய்மேல் உட்காரவைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "எங்க வூட்டுக்காரர் வாங்கினு வந்தது உனக்கு எப்டி புடிக்கும் பாவா? நீ இன்னும் யோசிச்சிகினே இரு" என்றாள். பெரிய மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டு உத்திரத்தைப் பார்த்தார். நான் என் வேட்டியிலிருந்த கறையைப் பார்த்தேன். இதை வெளுப்பது கஷ்டம் என்று தோன்றியது. (அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது இதுதான். எழுதவே கூச்சமாக இருக்கிறது.)

பாட்டில்களை மறுபடி லுங்கியில் சுற்ற ஆரம்பித்தார் முரளி. கோபமாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமலே பேசினார்.

"முடிவு சரியில்லன்னு நீங்க சொல்றது சரிதாண்ணா. எனக்குப் பீரைப் பத்தி ஒண்ணும் தெரியாது. மாமா போன்ல பேசறப்ப, மருந்து சாப்ட்டு சாப்ட்டு வாயெல்லாம் கசக்குது மாப்ளன்னாரு. அதான் தித்திப்பா கீறதா பாத்து வாங்கி வெச்சேன். வந்து நானே ஒரு வாய் குடுக்கலாம்னு இருந்தேன். லீவு குடுக்கல."

உயிரோடு இருந்த மனிதருக்காக வாங்கி வைத்தது அது. அதைத்தான் நான் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பாடி இல்லை என்று சொல்லியிருந்தேன்.

நான் போய் வேறு நல்ல பீராக வாங்கி வருகிறேன் என்று முனகினேன். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. அத்தை எழுந்து வந்தார். என் கையிலிருந்த கிளாஸை வாங்கி, அதில் மிச்சமிருந்ததை ஒரு டம்ளரில் கவிழ்த்தார். கிளாஸைக் கழுவினார். முரளியின் கையிலிருந்து ஒரு பாட்டிலை வாங்கித் திறந்து, சாய்த்துப் பிடித்து, நுரை விளிம்புவரை வந்து நிற்கும்படி ஊற்றினார். அத்தனை வருஷமாக மாமாவுக்கு ஊற்றிக் கொடுத்த கை. கிளாஸைப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுக் நுரை அடங்கும்வரை அங்கேயே குனிந்து நின்றார்.

பிறகு டம்ளரை என்னிடம் நீட்டினார். "நீ வெச்ச மிச்சம். வீணாக்காத, குடி."

குடித்தேன். வேறு என்ன செய்வது? என் வாழ்க்கையின் முதல் பீரை, சூடாக, என் வம்சமே பார்த்துக்கொண்டிருக்க, கஷாயம் குடிப்பதுபோல மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். மூக்கைப் பிடித்ததிலேயே எனக்கும் பீருக்கும் உள்ள பழக்கம் எவ்வளவு என்பது எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

கற்பூரம் ஏற்றியபோது எனக்கு விக்கல் பிடித்துக்கொண்டது. எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருக்க, நான் தவளை மாதிரி சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு விக்கலுக்கும் சர்க்கரை ஆலை ஒரு சுற்று ஓடியது. தண்ணீர் குடித்தேன், மூச்சை அடக்கினேன், நிற்கவில்லை. பெரிய மாமா கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"ஆங், எத்திராஜ்தான் நெனச்சிகினு கீறான்."

கோமளாதான் முதலில் சிரித்தாள். முந்தானையை வாயில் வைத்து அடக்கப் பார்த்து, முடியாமல், அழுகையும் சிரிப்புமாகச் சுவரில் சாய்ந்துவிட்டாள். முரளியும் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. ஆனால் மாமா போன பிறகு முதல் தடவையாக அன்று ஒரு பிடி சோறு சாப்பிட்டார் என்று அம்மா பிறகு சொன்னாள்.

அதன்பின் எங்கள் குடும்பத்தில் எந்தப் பந்தியில் உட்கார்ந்தாலும் எனக்கு நிம்மதி கிடையாது. ரசம் ஊற்றுகிறவன், "பாவா, பாடி கீதா பாருங்க" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்கிறான். நிச்சயதார்த்தத்துக்கு வந்த புது சம்பந்திகளுக்கும் இந்தக் கதை சொல்லப்படுகிறது. சொல்வது பெரும்பாலும் என் மனைவி. கல்யாணத்துக்கு முன்னால் நடந்ததை நேரில் பார்த்தவள்போல விக்கல் உட்பட நடித்துக் காட்டுகிறாள்.

போன மாசம் அத்தைக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். கட்டிலில் சாய்ந்திருந்தார். ரொம்ப இளைத்துவிட்டார். கோமளா காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அத்தை ஒரு வாய் குடித்துவிட்டு அவளைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"எனக்கு வெக்கிற படையல்ல இந்த காப்பியே வெச்சிடு. சக்கர தூக்கலா. நல்லா கீதா இல்லியான்னு நீயே குடிச்சிப் பாரு," என்று சொல்லி, என்னைப் பார்த்தார். "இவன் அன்னிக்கி வெளிய நிக்கட்டும்."

சரி அத்தை என்றேன்.