வழுக்கைத் தலைக்கு இரண்டு சீப்பு

நாமக்கல்லிலிருந்து கிளம்பும் லாரிகளில், ஸ்டெப்னி அண்ணனின் கட்டையால் அடி வாங்காத டயர் ஒன்றுகூட இருக்க முடியாது. லாரியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தள்ளுவண்டி, ஆம்புலன்ஸ், மாப்பிள்ளை ஊர்வலக் கார் என்று சக்கரம் வைத்த எதையும் அவர் தட்டாமல் விட்டதில்லை. எருமப்பட்டியில் ஒரு சாவு ஊர்வலத்தை நிறுத்தி, ரதத்தின் பின்டயரைத் தட்டிப் பார்த்து, "காத்துக் கம்மிங்க. போற மனுசன் குலுங்காமப் போவட்டும்" என்று பஞ்சர் கடைக்குத் திருப்பிவிட்டவர் அவர்.

முப்பது வருடம் வடக்கே லாரி ஓட்டியவர். நல்ல டயரைத் தட்டினால் டங்கென்று பதில் சொல்லும். காற்று இறங்கிய டயர் தொப்பென்று வாயை மூடிக்கொள்ளும். பின்பக்கம் ஜோடியாக இருக்கும் டயர்களில் உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாது, அதற்குக் காதுதான் வேண்டும். லாரிக்காரர்கள் எல்லோரும் தங்கள் வண்டிக்குச் செய்வதுதான். இவர் டிக்கெட் எடுத்து ஏறுகிற பஸ்ஸுக்கும் செய்வார்.

லாரியில் மாற்று டயரைத்தான் ஸ்டெப்னி என்போம். அவருக்கு அந்தப் பெயர் வந்தது வேறு பழக்கத்தால். எதுவாக இருந்தாலும் அவரிடம் மாற்றுக்கு இன்னொன்று இருக்கும். இரண்டு துண்டு, இரண்டு டார்ச், இரண்டு பூட்டு, டயர் தட்ட இரண்டு புளியங்கட்டை.

நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். போர்வெல் வண்டி, ஓட்டல் பாத்திரம், கோழிப்பண்ணை என்று எங்கேயும் ஆறு மாதத்துக்கு மேல் கால் தரித்ததில்லை. நடுவில் இரண்டு வருடம் ஸ்டெப்னி அண்ணனிடம் கிளீனராக இருந்தேன். ராய்ப்பூர் பக்கம் எனக்கு மலேரியா வந்தபோது, கேபினில் என்னைப் படுக்கவைத்துவிட்டு, மூன்று நாள் லாரிக்கு அடியில் படுத்தவர். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு நான் செய்த காரியத்தை எடைபோட உதவும்.

அவர் வண்டி ஓட்டுவதை நிறுத்திய பிறகு, இரண்டு பேருமாக இலங்கையைச் சுற்றிவரலாம் என்று நான்தான் கிளப்பிவிட்டேன். டூர் கம்பெனியில் விசாரிக்கட்டுமா என்று கேட்டேன்.

"அதெதுக்குச் சாமி? நம்மாளுக காசுமீருக்கே வழி கேட்டுக் கேட்டுப் போறாங்க. இது சுத்தித் தண்ணி. வழி தப்புனாலும் எங்கீங்க போயிருவோம்?"

கிளம்பும் நாள் அவர் பையைப் பார்த்தேன். எல்லாம் இரண்டிரண்டு. சீப்பும் இரண்டு. அவர் தலையிலோ மருந்துக்குக்கூட ஒரு முடி கிடையாது.

"ஏனுங்ணா, எதைச் சீவறதுக்கு இது?"

"கெடக்கட்டும் சாமி, சோறா கேக்குது" என்றார்.

திருச்சியில் விமானத்தில் ஏறப் போகும்போது வரிசையிலிருந்து விலகிச் சக்கரத்தை நோக்கி நடந்தார். ஊழியர் ஓடிவந்து மறித்தார். "தட்டலீங்க சார். கட்டை லக்கேஜுல போயிருச்சு. சும்மா கண்ணால பாத்துக்கறனுங்க" என்று கெஞ்சினார். இலங்கையில் இறங்கியதும், காலி என்கிற ஊரில் ஓர் ஆட்டோ டயரைத் தட்டி, உள்ளே ஆணி இருக்கிறது என்றார். கழற்றினால் இருந்தது. ஆட்டோக்காரர் எங்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். கண்டியில் ஒரு டிரைவர், தன் பஸ்ஸை அடிக்க வந்த ரவுடி என்று நினைத்து ஜாக்கி ராடோடு இறங்கினார். எல்லா இடத்திலும் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும். நடுவில் நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்பேன்.

நுவரெலியா பஸ் நிலையத்தில்தான் அது நடந்தது. பதுளைக்குப் போகிற தனியார் பஸ்ஸில் அவர் பையையும் என் பையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து இடம் பிடித்தேன். அவர் கட்டையோடு கீழே போய்விட்டார். முன்சீட்டில் சென்னையிலிருந்து வந்த இளம் தம்பதி. அந்தப் பெண் திரும்பிப் பேச்சுக் கொடுத்தாள். ஊர் சொன்னேன், சுற்றிய இடங்களைச் சொன்னேன்.

"தனியாவா சுத்துறீங்க சார்?"

என்னை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை.

"ஆமாங்க. தனியாத்தான்" என்றேன்.

"ரெண்டு பையுமே உங்களுதா?"

"ஆமாங்க."

அதற்குள் வெளியே சத்தம். "உள் டயரு செத்துக் கெடக்குதுங்க. மலை ரோட்டுல இத வெச்சு ஓட்டாதீங்க" என்று அண்ணன் கண்டக்டரை மறித்துக்கொண்டிருந்தார்.

"நேரமாகுது ஐயா. ஏறுங்க, இல்லாட்டி தள்ளி நில்லுங்க" என்றார் கண்டக்டர். பிறகு ஜன்னல்கள் பக்கம் நிமிர்ந்து, "இந்த ஐயா யாரோட வந்தவர்?" என்று தமிழிலேயே கேட்டார்.

பஸ்ஸே சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்தபடி என்னைப் பார்த்தாள். "உங்க ஊர்ப் பேச்சு மாதிரி இருக்கே சார், தெரிஞ்சவரா?"

"தெரியாதுங்க" என்றேன்.

ஜன்னல் திறந்திருந்தது. அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம், ஏதோ தன் தப்புபோல, இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். பஸ் கிளம்பிவிட்டது.

அவர் போனுக்கு அந்த ஊர் சிம் கிடையாது. இறங்க வேண்டிய ஊர் பதுளை என்பது தவிர, தங்கப்போகும் இடத்தின் பெயர்கூட அவருக்குத் தெரியாது. எல்லாம் என் போனில் இருந்தது. இது தெரிந்தும் நான் வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை. அடுத்த வளைவில் சொல்லலாம், அடுத்த வளைவில் சொல்லலாம் என்றே இருந்தேன். மலை ரோட்டில் வளைவுக்குப் பஞ்சமில்லை. வாய்தான் வரவில்லை.

கடைசியில் நிறுத்தியது டயர்தான். பின்பக்கம் சாய்ந்து, வண்டி ஓரங்கட்டியது. நாங்கள் இறங்கித் தேயிலைச் சரிவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அரைமணி கழித்து அடுத்த பஸ் வந்தது. முன்படியில் கட்டையோடு அண்ணன்.

குதித்து இறங்கியவர் நேராக டயரிடம் போனார். "ஜாக்கிய இங்க குடுங்க. கல்லு ரெண்டு கொண்டாந்து முன்சக்கரத்துக்கு அண்டக் குடுங்க" என்று வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். கண்டக்டர், "ஐயா சொன்னதக் கேட்டிருக்கணும்" என்று தலையைச் சொறிந்தார்.

அந்தப் பெண் ஓடிப்போய், "அங்கிள், நீங்க எந்த ஊரு?" என்றாள்.

"நாமக்கல்லுப் பக்கங் கண்ணு."

"இவரும் நாமக்கல்தான். உங்களுக்குத் தெரியாதா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். எனக்கு அந்தச் சரிவில் அப்படியே உருண்டு போய்விடலாம் போலிருந்தது.

"இல்லீங் கண்ணு. இப்பத்தான் பாக்கறேன்" என்றார். "தம்பி நாமக்கல்லுல எங்கீங்க?"

"மோ... மோகனூருங்க."

"அட, சக்கரை மில்லு ஊருங்களா. சந்தோசங்க."

டயர் மாட்டி முடித்ததும், இரண்டு கையும் கரியாக என் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தார். அவர் பை என் மடியில். "தம்பி, துண்டு ஏதாச்சும் இருந்தாக் குடுங்க, கையத் தொடச்சிட்டுத் தாரேன்" என்றார். அவர் துண்டை அவருக்கே எடுத்துக் கொடுத்தேன். "ரெண்டு வெச்சிருக்கீங்களாட்டம் இருக்குது. உசாரான ஆளுங்க" என்றார். முகத்தில் கேலியே இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

தம்பதி எங்களோடு போட்டோ எடுக்க வேண்டும் என்றார்கள். அண்ணன் என் தலையைப் பார்த்தார். "காத்துல கலைஞ்சு கெடக்குதுங்க தம்பி. அந்தச் சைடு ஜிப்புல சீப்பு இருக்கும் பாருங்க" என்று சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, "இருந்தாலும் இருக்கும்னேன்" என்றார்.

இருந்தது. நான் போகிற ஊரிலெல்லாம் சீப்பைத் தொலைக்கிறவன். கிளீனராக இருந்த காலத்திலிருந்தே அப்படித்தான். ஒன்று எனக்கு. இன்னொன்று, அதை நான் தொலைத்த பிறகு எனக்கு. அந்தப் போட்டோவில் நான் தலை குனிந்திருப்பேன்.

பதுளையில் இறங்கினோம். தம்பதி ஆட்டோ ஏறிக் கையசைத்துப் போனார்கள். ஆட்டோ திருப்பத்தில் மறையும்வரை அண்ணன் என்னிடமிருந்து நாலடி தள்ளியே நின்றார். பிறகு மெதுவாகக் கிட்டே வந்தார்.

"ஏஞ்சாமி, இப்பத் தெரிஞ்சுக்கலாங்களா?"

அவர் பையையும் சேர்த்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். மன்னிப்பு இன்றுவரை கேட்கவில்லை. கேட்டால், எதற்கு என்று கேட்பார்.

மறுநாள் காலை பஸ் நிலையத்தில் நல்ல கூட்டம். அவர் முன்பக்கம் போய் இரண்டு டயரைத் தட்டினார். பையிலிருந்து மற்றொரு புளியங்கட்டையை எடுத்துக்கொண்டு, பின்பக்கம் இருந்த நாலையும் நான் தட்டினேன்.