கறிவேப்பிலை வாங்கப் போனவர்

மேகங்களிடம் மட்டும் அனுமதிச் சீட்டு கேட்காத நாடு ஒன்று இருந்தது. அதன் பெயர் தொலைவனம். அங்கே அரசரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்களே தேர்ந்தெடுத்தார்கள். தேர்ந்தெடுத்த மறுநாளிலிருந்து அவரை அண்ணாந்து பார்த்தார்கள்.

அந்நாட்டுத் தலைநகரில் புன்னைத் தெரு இருந்தது. இரண்டு பக்கமும் வீடுகளும் கடைகளும். கிழக்குச் சாரியில் பன்னிரண்டாம் எண் வீட்டில் நீலவேணி, ஒரு செவ்வாய்க்கிழமை காலை ரசம் தாளிக்கப் போகும்போதுதான் கறிவேப்பிலை இல்லை என்பதைக் கவனித்தாள். அவளுக்கு அப்போது எட்டாம் மாதம். கதவு, ஜன்னல் செய்யும் தச்சனான அவள் கணவன் பரஞ்சோதி செருப்பை மாட்டினான்.

"எண்ணெய் காஞ்சுக்கிட்டிருக்கு. அங்க நின்னு கதை பேசாதீங்க."

"ரோட்டைத் தாண்டினா கடை. கடுகு வெடிக்கறதுக்குள்ள வந்துடறேன், வேணி."

கடுகு வெடித்தது. அதே நேரத்தில் வெளியே வானமே தகரத்தால் ஆனதுபோல ஒரு சத்தம் கேட்டது. நீலவேணி வாசலுக்கு வந்தாள். தெருவின் நடுவே, இரண்டு ஆள் உயரத்துக்கு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நீலத் தகரத் தடுப்பு எழும்பியிருந்தது. தகரத்தின்மேல் வருங்காலம் வரையப்பட்டிருந்தது: வெள்ளை ரயில், ஒருபோதும் இலை உதிர்க்காத மரங்கள், பல் தெரியச் சிரிக்கும் ஒரு குடும்பம்.

தடுப்புத் துறைக் கண்காணிப்பாளர் திருவாளர் அகத்தியலிங்கம் ஒரு நாற்காலியின்மேல் ஏறி நின்று அறிக்கை வாசித்தார்.

"குடிமக்களே! மண்ணுக்கடியில் மாபெரும் ரயில் வருகிறது. தற்காலிக இடையூறுக்கு வருந்துகிறோம். வருத்தம் ஆறு மாதத்துக்கு நீடிக்கும்."

"ஐயா, என் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் இருக்காரு" என்றாள் நீலவேணி.

"அப்படியானால் அவர் மேற்குப் பக்கவாசி."

"இல்லீங்க, கறிவேப்பிலை வாங்கப் போனவரு."

அகத்தியலிங்கம் ஏட்டைப் புரட்டினார். "கறிவேப்பிலைக்கு இதில் பிரிவு இல்லையம்மா. மாற்றுப் பாதையில் வரச் சொல்லுங்கள்."

மாற்றுப் பாதைக்கு ஓர் அம்புக்குறி இருந்தது. அது இன்னோர் அம்புக்குறியைக் காட்டியது. பரஞ்சோதி அன்றே நடக்கத் தொடங்கினான். ஆனால் அவன் தடுப்பின் முனையை நெருங்கும்போதெல்லாம் தடுப்பு இன்னும் கொஞ்சம் வளர்ந்திருந்தது. பதினோராம் நாள், அவனைப்போலவே சுற்றி நடந்து களைத்த ஒரு கூட்டத்தோடு, தாடி வளர்ந்த முகத்துடன், புறப்பட்ட அதே கடை வாசலுக்கே வந்து சேர்ந்தான். கடைக்காரர் அவனுக்கு ஒரு பாய் கொடுத்தார்.

தகரத்தில் நட்டு விழுந்த ஓர் ஓட்டை இருந்தது, வரையப்பட்ட ரயிலின் மூன்றாவது ஜன்னலில். அதன் வழியாக இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு கண் மட்டும்தான் தெரியும்.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு. நீ கால் நீட்டி உக்காரு, வீங்கிடும்."

"ரசம் அப்படியே இருக்கு."

"கறிவேப்பிலை என் பையில இருக்கு. வாடிப்போச்சு."

மழை பெய்தால் வரையப்பட்ட ரயில் நனைந்து, நிஜமாகவே எங்கோ போய் வந்ததுபோலப் பளபளக்கும். காற்று அடித்தால் தகரம் முனகும். தெருவில் பாதிப் பேருக்கு ரயில் ஓடும் கனவு வந்தது. மீதிப் பேர் அந்தக் கனவில் பயணம் செய்தார்கள்.

குழந்தை பிறந்தது. அதன் அழுகை தகரத்தைத் தாண்டிப் போனது. தடுப்புச் சட்டத்தில் அழுகையைப் பற்றி ஒன்றும் சொல்லப்படவில்லை. பரஞ்சோதி அந்தப் பக்கத்தில் தகரத்தின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றான். வெயிலில் தகரம் கொதித்தது. அவன் கையை எடுக்கவில்லை. பெண் குழந்தை; மின்னி என்று பெயர் வைத்தார்கள். பெயரை ஓட்டை வழியாகத்தான் பேசி முடிவு செய்தார்கள்.

அடுத்த வாரம் முதலாவது ஆணை வந்தது. பூமிக்கடியில் துளைபோடும் இயந்திரத்துக்குக் கண்ணேறு பட்டுவிட்டதாம். அதன் கழுத்தில் பூசணிக்காய் கட்டினார்கள். தகரத்தில் இருந்த ஓட்டைகளை எல்லாம் அடைத்தார்கள். அதன்பின் நீலவேணிக்கு அந்த ஒரு கண்ணும் இல்லாமல் போனது, குரல் மட்டும் மிஞ்சியது.

இரண்டாவது ஆணை, மாற்றுப் பாதையில் நடப்பதைத் தடைசெய்தது. "ரயில் வரப்போகும் நாட்டில் நடப்பது, ரயில் வராது என்று நினைப்பதற்குச் சமம்" என்று அதில் எழுதியிருந்தது. மூன்றாவது ஆணையின்படி கிழக்கும் மேற்கும் தனித்தனி ஊர்களாயின. குடும்ப அட்டையைத் திருத்த வந்த அகத்தியலிங்கம், நீலவேணியின் அட்டையில் பரஞ்சோதி என்ற பெயரை மெல்லிய கோட்டால் அடித்தார்.

"ஏன் சார் லேசா அடிக்கறீங்க?"

"தற்காலிகம்தானேம்மா" என்றார் அவர், மரியாதையாக.

ஆறு மாதம் என்று சொன்னது நான்கு ஆண்டாயிற்று. தேர்தல் வந்தது. புதிதாக நின்றவர் மேடையேறி, "நான் வந்தால் இந்த நீலத் தடுப்பை ஒரே நாளில் அகற்றுவேன்!" என்றார். கிழக்கும் மேற்கும் சேர்ந்து வாக்களித்து அவரை அரசராக்கின. அவரும் சொன்ன சொல் தவறவில்லை. ஒரே நாளில் தெருவில் நீலத் தடுப்பு இல்லாமல் போனது. நீலமாயிருந்த தகரத்துக்கெல்லாம் ஊதா வண்ணம் அடித்திருந்தார்கள். சிரிக்கும் குடும்பத்தில் அப்பாவுக்குப் புது அரசரின் மீசை.

புது அரசரின் இரண்டாம் ஆண்டில் ரயில் வந்தது. நிஜமாகவே வந்தது. வெள்ளையாக, குளிர்ச்சியாக, சத்தமே இல்லாமல், யாரோ தூக்கத்தில் திரும்பிப் படுத்ததுபோல வந்தது. புன்னை நிலையத்துக்கு இரண்டு வாசல்கள்: கிழக்கில் ஒன்று, மேற்கில் ஒன்று. தடுப்பை மட்டும் எடுக்கவில்லை. வரைந்த ரயில் ஓடும் ரயிலைவிட அழகாயிருப்பதாக வெளிநாட்டுத் தூதர் ஒருவர் பாராட்டிவிட்டதால், அது பண்பாட்டுச் சின்னமாகிவிட்டது.

நீலவேணி ஐந்து வயது மின்னியைக் கையில் பிடித்துக்கொண்டு கிழக்கு வாசலில் இறங்கினாள். நடைமேடையில் எதிரே ஓர் ஆள் நின்றிருந்தான். நரைத்த தாடி. அவனுக்கு இரண்டு கண்கள் இருந்தன; அதுதான் அவளுக்கு முதலில் புதிதாகத் தெரிந்தது.

"இளைச்சுட்டீங்க."

"நீ மட்டும் என்னவாம்?"

மூவரும் ரயிலேறி உட்கார்ந்தார்கள். கடைசி நிலையம்வரை போய்த் திரும்பினார்கள். பிறகு நீலவேணி அவனைக் கிழக்கு வாசலுக்கு இழுத்தாள். பரஞ்சோதியின் சீட்டைக் கண்டதும் கதவு மூடிக்கொண்டது. பக்கத்தில் அகத்தியலிங்கம் நின்றிருந்தார். இப்போது அவர் நிலையக் கண்காணிப்பாளர்.

"மேற்கில் நுழைந்தவர் மேற்கில்தான் வெளியேற வேண்டும். வந்த வழியே திரும்புவது நம் மரபு."

"நாலு எட்டு வெச்சா வீடு, சார்!"

"தெரியுமம்மா. அதனால்தான் இந்த விதி. தூரமாயிருந்தால் விதியே தேவையில்லையே."

ஆகவே அவர்கள் ரயிலிலேயே குடும்பம் நடத்தினார்கள். அவர்கள் மட்டுமல்ல, புன்னைத் தெரு முழுவதும். நீலவேணி காலையில் தூக்குவாளியில் சாப்பாட்டோடு ஏறுவாள். மூன்றாம் பெட்டியில் ஒரு நிச்சயதார்த்தம் நடந்தது. ஐந்தாம் பெட்டியில் அண்ணனும் தம்பியும் பாகப்பிரிவினை பேசிச் சண்டையிட்டு, அடுத்த நிலையம் வருவதற்குள் சமாதானமானார்கள். சுரங்கத்தின் விளக்குகள் கண்ணாடியில் நீந்திப் போகும். மின்னி அப்பாவின் மடியில் தூங்குவாள். இரவு பத்து மணிக்குக் கடைசி ரயில் நின்றதும், ஒவ்வொரு குடும்பமும் இரண்டாகப் பிரிந்து இரண்டு படிக்கட்டுகளில் ஏறும். அப்பா என்பவர் ரயிலில் வசிக்கும் ஒருவர் என்றே மின்னி நினைத்திருந்தாள்.

அரசர் பயணிகளின் எண்ணிக்கையைக் கேட்டு வியந்தார். "மக்கள் இறங்கவே மாட்டேன் என்கிறார்களாமே! இவ்வளவு அன்பா?"

"தங்கள்மீதுதான், மன்னா" என்றார் அமைச்சர்.

"அப்படியானால் இன்னொரு பாதை போடுங்கள்."

இரண்டாம் பாதையின் வரைபடம் ரயில் பெட்டிகளில் ஒட்டப்பட்டது. இது கிழக்கிலிருந்து மேற்காகப் போகும் பாதை. ஊரை வடக்கு, தெற்கு என்று பிரிக்கும். அன்று பெட்டியில் ஒவ்வொருவரும் தன் பக்கத்தில் இருந்தவரை மனப்பாடம் செய்வதுபோலப் பார்த்தார்கள்.

நீலவேணி மட்டும் எழுந்துபோய் வரைபடத்தில் விரலை வைத்தாள். புதுத் தடுப்பு பழைய தடுப்பைச் சந்திக்கும் இடம் அவள் வீட்டு வாசலிலிருந்து பத்தடி தள்ளியிருந்தது.

"ஏங்க, குறுக்கால போற தகரம் நெடுக்கால இருக்கற தகரத்தை எப்படித் தாண்டும்?"

பரஞ்சோதி அண்ணாந்து பார்த்தான். ஆறு வருடமாகக் கதவு செய்யாத தச்சன் அவன். ஆனால் இரண்டு சட்டங்கள் சேரும் மூலையை அவன் கை மறக்கவில்லை.

"தாண்டாது வேணி. ரெண்டையும் பூட்டணும்னா பழசுல ஒரு பலகையைக் கழட்டியே ஆகணும்."

"எவ்வளவு நேரம் திறந்திருக்கும்?"

"நல்ல ஆளா இருந்தா கால் மணி நேரம்." அவன் கொஞ்சம் யோசித்தான். "ஆனா முதல் நட்டு அரசர் கையாலதான் கழட்டுவாங்க. அரைநாள் ஆகும்."

நீலவேணி சிரித்தாள். பிறகு பக்கத்து இருக்கைப் பெண்ணின் காதில் ஏதோ சொன்னாள். அந்த ரகசியம் அடுத்த நிலையத்துக்குள் கடைசிப் பெட்டிவரை போய்விட்டது.

அடிக்கல் நாட்டும் நாளன்று தடுப்பின் இரண்டு பக்கமும் ஆயிரமாயிரம் பேர் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள். இரண்டு பக்கத்திலும் பலர் தலையில் பாய்களும் பாத்திரங்களும் இருந்தன. அகத்தியலிங்கத்துக்குச் சந்தேகம் வந்தது. கூட்டத்தில் ஒரு பெண்ணிடம் கேட்டார்.

"பாய் எதற்கம்மா?"

"அரசர் பேசுவாருல்ல சார். உக்காந்து கேக்கணுமே."

நியாயமாகத்தான் பட்டது. அரசர் வந்தார். தங்க முலாம் பூசிய திருகியால் நட்டைச் சுழற்றினார். அது தவறான திசை; அதைச் சொல்லும் துணிச்சல் யாருக்கும் வரவில்லை. வெகுநேரத்துக்குப்பின் பலகை விழுந்தது. திறந்த இடைவெளியில் அரசர் கைகூப்பி நின்றார். கூட்டம் அவரை நோக்கி வந்தது. அவர் கண்கள் கலங்கின. கூட்டம் அவருடைய இரண்டு பக்கமும் பிரிந்து, ஆறு ஒரு கல்லைக் கடப்பதுபோலக் கடந்து போனது. ஆரத்தித் தட்டுகளைக் கையில் வைத்திருக்க முடியாமல் அவர் காலடியில் வைத்துவிட்டுப் போனார்கள். ஒருவரும் ஓடவில்லை. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பொழுது சாயும் முன்பே அவரவர் ஆட்கள் அவரவரோடு ஒரே மூலையில் சேர்ந்துவிட்டார்கள். அதன்பின் புதுத் தடுப்பைப் பூட்டினார்கள்.

பரஞ்சோதி பன்னிரண்டாம் எண் வீட்டுக்குள் வந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு சிட்டிகைத் தூளை எடுத்து அடுப்படியில் வைத்தான். அது ஒரு காலத்தில் கறிவேப்பிலையாக இருந்தது.

மின்னி அவனை உற்றுப் பார்த்தாள். "அம்மா, இவர் எந்த ஸ்டேஷன்ல இறங்குவாரு?"

"இங்கதான்டி" என்றாள் நீலவேணி.

மறுநாளிலிருந்து ரயில் காலியாக ஓடியது. விளக்குகள் எரிந்தன, கதவுகள் திறந்து மூடின. அரசர் திடுக்கிட்டு ஒரு குழுவை அமைத்தார். குழு மூன்று மாதம் ஆராய்ந்து, அறுநூறு பக்க அறிக்கையில் ஒரே ஒரு முடிவைச் சொன்னது: "குடும்பங்கள் சேர்ந்து வாழ்வதால் ரயிலுக்குத் தேவை குறைந்துள்ளது." குழுவைப் பாராட்டி அரசர் மூன்றாம் பாதையை அறிவித்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அகத்தியலிங்கம் சுண்ணாம்புக் கட்டியோடு பன்னிரண்டாம் எண் வீட்டுக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, பணிவாகக் குனிந்து, கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே ஒரு வெள்ளைக் கோடு போட்டார்.

"தற்காலிகம்தான்" என்றார்.

அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. அடுப்படியில் நின்ற பரஞ்சோதி, நீலவேணியின் தோளுக்கு மேலாக டப்பாவை எட்டிப் பார்த்தான்.

"கறிவேப்பிலை தீர்ந்துடுச்சு போலிருக்கே. ஒரு எட்டுப் போயிட்டு வந்துடவா?"

நீலவேணி கோட்டைப் பார்த்தாள். கூடத்தில் விளையாடிக்கொண்டிருந்த மின்னியைக் கையைப் பிடித்து இழுத்து அடுப்படிக்குள் விட்டாள். மறு கையால் அவன் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாங்க" என்றாள். "இன்னைக்கு இல்லாமலே தாளிச்சுக்கலாம்."