மாலை போட்ட கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்பும் மென்பொருளை எழுதுகிறவர்களை நிற்க வைத்து உதைக்க வேண்டும். (வைட்ஃபீல்டில் ஒரு ஐ.டி. கம்பெனியில் நானும் அதைத்தான் எழுதிப் பிழைக்கிறேன். முதல் உதை எனக்கே.) எந்த மதர்போர்டிலும் ஓடும், ஹார்ட் டிஸ்க், பென்டிரைவ் என்று எதிலிருந்து வேண்டுமானாலும் எழுப்பலாம் என்று மீட்டிங்கில் பீற்றிக்கொள்வோம். எதிலிருந்து எழுவது என்பதை மாற்ற எந்தப் பொத்தானை அமுக்குவது என்பதில் மட்டும் ஆளுக்கொரு சட்டம்.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்த காலையில் மச்சான் போன் செய்தார். என் மனைவியின் அண்ணன். பீன்யாவில் பட்டறை வைத்திருக்கிறார்.

“மாப்ளே, மெஷினை ஓட்டற கம்ப்யூட்டர் எந்திரிக்கவே மாட்டேங்குது. மத்தியானத்துக்குள்ள சரக்கு போகலன்னா ஆர்டர் போச்சு!”

வருஷம் முழுக்க அணைக்காத பெட்டியை, பூஜையன்று பக்திப் பாட்டு போட்டு முடித்ததும் ஓய்வு கொடுத்து அணைத்திருக்கிறார்கள். சந்தனம், குங்குமம், முழ நீளச் சாமந்தி மாலை வேறு. டிராஃபிக்கைத் திட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தேன்.

பெட்டி எழும், கறுப்பாக முழிக்கும், மறுபடி முதலிலிருந்து எழும். எஃப் 2 அமுக்கினேன். இல்லை. டெலீட், எஸ்கேப், எஃப் 12. எதற்கும் அசையவில்லை. எனக்கு ரத்தம் கொதித்தது. கீபோர்டைக் குத்தினேன். (அது என்ன செய்யும், பாவம்.) சுற்றி நின்ற ஆட்கள் என்னையே பார்த்தார்கள். தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

“டிஸ்க் செத்துப்போச்சு மச்சான். இன்னைக்கு ஆகாது” என்று தீர்ப்பு சொன்னேன்.

மச்சான் முகம் சுண்டிப்போனது. வாடிக்கையாளருக்குப் போன் போட்டு, “இவத்து ஆகல்ல சார்” என்று கன்னடத்தில் கெஞ்சினார். அந்த ஆள் ஆர்டரை வேறு பட்டறைக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லிப் போனை வைத்தார்.

“சாமி மாலையோட ரிப்பேர் கடைக்கு அனுப்பாதீங்க” என்று மச்சான் மனைவி காய்ந்த மாலையை இழுத்தார். பெட்டியின் பின்னால் செருகியிருந்த பென்டிரைவ் நாரோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. பக்திப் பாட்டு பென்டிரைவ்! அதிலிருந்துதான் எழுவேன் என்று அத்தனை நேரம் அடம் பிடித்திருக்கிறது சனியன். அடுத்த சுற்றிலேயே திரை பளிச்சென்று வந்தது.

மச்சான் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்காவது கத்தியிருப்பேன். “சாப்ட்டுப் போங்க மாப்ளே” என்றார். போட்ட சோற்றைத் தலை நிமிராமல் தின்றுவிட்டுக் கிளம்பினேன்.

இப்போது மாமனார் வீட்டில் மிக்ஸி நின்றாலும் சரி, டிவி மங்கினாலும் சரி, “மாப்பிள்ளையைக் கூப்பிடாதீங்க, முதல்ல மாலையைக் கழட்டிப் பாருங்க” என்கிறார்கள். என் மனைவிதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிக்கிறாள்.