சிலிண்டருக்கு நிழல் சீட்

சுதந்திரத்துக்குப் பிறகு மாத்தளை மாவட்டம் கண்ட முன்னேற்றங்களில் தலையாயது, ஐம்பதுகளில் கலேவெல பஸ்ஸுக்கு நெருப்பணைக்கும் சிலிண்டர் ஒன்று வந்து சேர்ந்ததுதான்.

அதைக் கொண்டக்டர் கபிரியேலிடம் ஒப்படைக்கையில் பஸ் கம்பெனி மனேஜரின் குரல் தழுதழுத்தது.

"சூடு பட்டா இது வெடிச்சிரும். எஞ்சினுக்குப் பக்கத்துல வைக்காதே. வெயில் படவே கூடாது. உருளவும் கூடாது. ஏதாவது ஆச்சுன்னா உன் வேலை போச்சு."

"எங்க வைக்கிறதுங்க?"

"அதை நீதான் தீர்மானிக்கணும்."

வேலை போனால் இரத்தோட்டைத் தேயிலைத் தோட்டத்துக்கே திரும்ப வேண்டியவர் கபிரியேல். ஆகவே நன்றாகவே தீர்மானித்தார். மாத்தளையிலிருந்து தம்புள்ளை வரை காலை வெயில் வலப்பக்கம். 'மேற்படி கருவி' இடப்பக்க சீட்டில், ஈரச்சாக்கு போர்த்தி, கயிறு கட்டி அமர்ந்தது. தம்புள்ளையில் பாதை திரும்ப, வெயிலும் பக்கம் மாறும். உடனே வலப்பக்கத்தாரை எழுப்பிவிட்டுச் சிலிண்டரை அங்கே குடியேற்றுவார். சாக்கு காய்ந்தால் பயணிகளின் குடிதண்ணீர் இருந்தது.

சித்திரை மாதத்தில் ஒருநாள், தாய்வீட்டுக்குப் புறப்பட்ட எட்டு மாதக் கர்ப்பிணி மஸூதா நாலந்தையில் ஏறினாள். உட்கார இடமில்லை. தம்புள்ளை தாண்டியதும் கபிரியேலிடம் கேட்டாள்.

"தலையைச் சுத்துது தம்பி. அந்த சீட்டைக் கொஞ்சம் தாங்களேன்."

"அது சிலிண்டரோட சீட்டுங்க. சூடு பட்டா வெடிச்சிரும்."

சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் டிக்கெட் கிழித்தார்.

தம்புள்ளையில் ஏறியிருந்த கம்பெனி செக்கர் முதலில் சிலிண்டரைத்தான் தொட்டுப் பார்த்தார். "நல்ல குளிர்ச்சி. இதுதான்யா பொறுப்பு" என்று அவர் மெச்சிக்கொண்டிருக்கும்போதே மஸூதா சரிந்தாள்.

கபிரியேல் தாங்கிப் பிடித்தார். பிறகு வேலையை மறந்தார். கயிற்றை அவிழ்த்து, மஸூதாவை சீட்டில் சாய்த்து, ஈரச்சாக்கால் அவள் முகத்தைத் துடைத்தார். சிலிண்டரைத் தன் நிழலில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

"கருவி வெடிச்சா யார் பொறுப்பு?" என்றார் செக்கர்.

மஸூதா கண்ணைத் திறந்தாள். "நாங்க வெடிக்க மாட்டோம்னு யாருங்க உங்களுக்குச் சொன்னது?"

பஸ் முழுவதும் செக்கரையே பார்த்தது. அவர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிக்கொண்டார்.

கம்பெனி உடனடியாக நடவடிக்கை எடுத்தது. கபிரியேலுக்குக் கடும் எச்சரிக்கை கிடைத்தது; வேலை தப்பியது. சிலிண்டர் மனேஜரின் அறைக்கு, மின்விசிறிக்குக் கீழே, நிரந்தரமாக மாற்றப்பட்டது. வெடிக்கக்கூடியது எதுவும் இனி அந்த பஸ்ஸில் இல்லை என்று அறிவித்தார்கள்.

பயணிகள் மட்டும் பழையபடி வெயிலில் வைக்கப்பட்டார்கள்.