காதுகுத்து வீடியோவுக்கு என்ன பாட்டு

கிருபாசங்கர் முடிவு செய்துவிட்டான். மகள் சித்திகாவின் காதுகுத்து வீடியோவில் சினிமாப் பாட்டு ஒன்றுகூட வரக்கூடாது. மச்சான் கோபித்துக்கொண்டு கறிவிருந்தைப் பாதியில் விட்டு எழுந்து போனாலும் சரி.

அது 1997. பெரியநாயக்கன்பாளையத்தில் எந்த விசேஷத்தை வீடியோ எடுத்தாலும், ஸ்டூடியோக்காரர் அதிலிருக்கும் பேச்சுச் சத்தத்தையெல்லாம் துடைத்துவிட்டு, அந்த வருடத்து சினிமாப் பாட்டை மேலே ஏற்றித் தருவார். மிக்ஸிங் என்று பெயர். தாலி கட்டும்போது ஒரு டூயட். பந்தியில் ரசம் ஊற்றும்போது ஒரு குத்துப்பாட்டு.

கிருபாசங்கரிடம் வேறு பாட்டு இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமைகளில், அவனும் மூன்று நண்பர்களும் மோட்டார் பட்டறைக்குள் கிடாரும் டிரம்ஸுமாக முழங்குவார்கள். 'வார்ப்படம்' என்று குழுவுக்குப் பெயர். எல்லாம் சொந்தப் பாட்டு. கடையில் கிடைக்காது, ரேடியோவில் வராது. கேசட் கைமாறிக் கைமாறித்தான் போகும். பெரும்பாலும் போன வேகத்தில் திரும்பி வரும்.

"அம்மணி, புள்ள பெரிசாகி இந்த வீடியோவப் பாப்பா. இந்தக் காலத்துல என்ன பாட்டு இருந்துச்சுன்னு தெரியணுமா இல்லியா?"

"தெரியட்டுமுங்க" என்றாள் மனைவி மோகனப்பிரியா.

"ஊரே கேட்டதுதான் காலம்னு நாளைக்கு எழுதிப்போடுவாங்க. நாலு பேரு கதவச் சாத்திக்கிட்டு வாசிச்சத எவன் எழுதுவான்?"

"கதவச் சாத்தச் சொன்னதே பக்கத்து ஊட்டுக்காரங்கதானுங்களே."

அவன் அதைக் காதில் வாங்கவில்லை. அவள் குழந்தையின் சட்டையை மடித்துக்கொண்டே மெல்லப் பேசினாள்.

"நம்ம கல்யாண வீடியோவுல எங்கப்பா என்ர கையப் புடிச்சு உங்க கையில குடுத்துப்போட்டு, என்னமோ சொல்றாருங்க. வாய் அசையுது. மேல டூயட்டு ஓடுது. அன்னிக்கு இருந்த பயத்துல எனக்குக் காதே கேக்கல. அடுத்த ஆடிக்குள்ள அவரும் போயிட்டாரு. என்ன சொன்னாருன்னு இனி யாரக் கேக்கறதுங்க?"

கிருபாசங்கர் தொடையில் தட்டினான்.

"அதயேதான் நானும் சொல்றேன்! சினிமாப் பாட்டப் போட்டுக் கெடுத்துப்போட்டானுக. அந்த எடத்துல மட்டும் வார்ப்படம் இருந்திருந்தா?"

மோகனப்பிரியா அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"சரிங்க" என்றாள்.

மனைவி சண்டை பிடித்தால் பயமில்லை. 'சரிங்க' என்றால்தான் வயிற்றில் புளி கரைய வேண்டும். அவனுக்கு அந்த வயிறு இன்னும் வாய்க்கவில்லை.

தொண்டாமுத்தூர்ப் பக்கம் தென்னந்தோப்பு நடுவே குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. மைக் செட்டுக்கும் தடை போட்டுவிட்டான். மைக் செட்டில் சினிமாப் பாட்டைத் தவிர வேறென்ன வரும்? காதுகுத்து முடிந்ததும் வீடியோ எடுத்த ஸ்டூடியோக்காரர் தம்பிதுரையிடம் வார்ப்படத்தின் கேசட்டைப் பயபக்தியோடு கொடுத்தான்.

"சினிமாப் பாட்டு ஒரு வரி வந்தாலும் நான் மனுசனா இருக்க மாட்டனுங்க, சொல்லிப்போட்டேன்."

வீடியோ தயாரான ஞாயிற்றுக்கிழமை உறவெல்லாம் வீட்டில் கூடியது. வார்ப்படத்தின் டிரம்ஸ்காரன் பாலகோபாலும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தான். கிருபாசங்கர் எழுந்து நின்று, இப்போது கேட்கப்போவது சரித்திரம் என்று அறிவித்துவிட்டு, பட்டனை அமுக்கினான்.

காற்று. தென்னை மட்டை உரசும் சத்தம். எங்கோ ஒரு டிராக்டர். "கொழம்புல உப்புப் பத்தலீங்" என்று யாரோ.

கிடார் வரவே இல்லை.

"மோகனா! பாட்டு எங்க?"

"தம்பிதுரை அண்ணன் போன் பண்ணாருங்க. 'ஊட்டுக்காரரு குடுத்த கேசட்டு கெட்டுப்போச்சுங்க அம்மணி, ஒரே கரகரன்னு இரைச்சல், பாட்டே இல்ல'ன்னாரு."

பாலகோபால் இருமினான்.

"அதுதான் பாட்டுன்னு சொல்றதுக்கென்ன?" என்றான் கிருபாசங்கர்.

"ரெண்டு பக்கமும் போட்டுக் கேட்டுப்போட்டுத்தான் சொல்றேன்னாருங்க. பெரிய மனுசரு, அவர எப்படி மறுத்துப் பேசறது? சினிமாப் பாட்டுப் போடட்டுங்களான்னாரு. அய்யோ, அவரு வேண்டாம்னிருக்காருங்க, ஒண்ணும் போடாம அப்படியே குடுத்துருங்கன்னேன். உங்க பேச்ச நான் மீறுவனுங்களா?"

அதற்குள் திரையில் பத்தர் ஊசியை எடுத்துவிட்டார். தாய்மாமன் மடியில் சித்திகா வீரிட்டாள். அதோடு இன்னொரு குரலும் நடுங்கிக்கொண்டு கேட்டது. "ஒண்ணுமில்ல சாமி, ஒண்ணுமில்ல தங்கம். அம்மா இங்கதான் இருக்கறேன்."

மோகனப்பிரியா மடியிலிருந்த மகளை இறுக்கிக்கொண்டாள்.

"பாட்டு எங்க வேணாலும் கெடைக்குமுங்க" என்றாள் அவனுக்கு மட்டும் கேட்கும்படி. "நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா, என்ர கொரலு இவளுக்கு எங்க கெடைக்கும்?"

பிறந்ததிலிருந்து பிள்ளையை மடியைவிட்டு இறக்க அவள் ஏன் இத்தனை பயப்படுகிறாள் என்று கிருபாசங்கர் கேட்டதே இல்லை. போகட்டும், வார்ப்படம் தோற்றால் இப்படிப்பட்ட குரலிடம் தோற்கலாம் என்று பெருந்தன்மையோடு நினைத்துக்கொண்டான்.

டேப் நிற்கவில்லை. அழுகையும் நிற்கவில்லை. தாய்மாமன் கிலுகிலுப்பை ஆட்டினார், பத்தர் வெல்லம் காட்டினார். திடீரென்று ஓர் ஆண்குரல் எழுந்தது. அந்த வருடம் டீக்கடைதோறும் ஓடிய சினிமா டூயட். ஆண் பாடும் வரி முடிந்ததும், அதே தொண்டை மெலிந்து பெண் வரியைப் பாடியது. பல்லவி முடிந்து வயலின் வரும் இடத்தில் வாயாலேயே வயலினும் வந்தது.

கேமரா மெல்லத் திரும்பியது. கிருபாசங்கர் கண்ணை மூடி, தலையாட்டி, விரலைச் சொடுக்கிப் பாடிக்கொண்டிருந்தான். பிள்ளை அழுகையை நிறுத்திச் சிரித்தது. பாட்டு இரண்டாவது சரணத்துக்குப் போனது.

"ரெண்டாவது சரணம் எனக்கே தெரியாதுடா" என்றான் பாலகோபால்.

கிருபாசங்கர் டிவியை மறைத்துக்கொண்டு நின்றான். "இத வெட்டச் சொல்லக்கூடாதா, அம்மணி?"

"வெட்டட்டுங்களான்னு அவரே கேட்டாருங்க. எனக்குத்தான் மனசு வரல."

"மாப்ள, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார் மச்சான். "அம்மணி, இதுல எனக்கொரு காப்பி போட்டுக் குடு."

"எனக்குமுங்க" என்றது பின்வரிசை.

கிருபாசங்கர் பாடிய கேசட்டை ஊரார் கேட்டு வாங்கியது அதுதான் முதல் தடவை.